“என்னால் முடிந்தவரை கவனமாகத்தான் இருந்தேன்” என்பது ஏன் போதவில்லை? கவனக்குறைவு வழக்குகளில் ‘நியாயமான மனிதர்’ அளவுகோல்

எல் பலகை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள் பலர் இங்கே இருப்பதால் கேட்கிறேன். என் அக்காள் மகனுக்கு 19 வயது. பழகுநர் உரிமம் எடுத்து 20 நாட்கள்தான் ஆகின்றன. நான்தான் அவனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கார் என்னுடையது. காப்பீடு நடப்பில் இருக்கிறது. முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’ ஒட்டியிருந்தோம்.

போன வாரம் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புறவழிச்சாலையின் ஒரு திருப்பத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்தவன், அதை மறுபடி நேராக்கத் தாமதித்துவிட்டான். கார் சாலையை விட்டு இறங்கி, ஓரமாகச் சைக்கிளில் வந்த பால்காரப் பெரியவரை இடித்துவிட்டது. அவருக்கு வலது தொடை எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது.

முதல் தகவல் அறிக்கையில் “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி” என்று எழுதியிருக்கிறார்கள். வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவே இல்லை. பையன் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. “மாமா, நான் கவனமாகத்தான் ஓட்டினேன், எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது” என்கிறான். அவன் சொல்வது உண்மை, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

பெரியவருக்குச் சேர வேண்டியதைக் குறைக்க நான் வரவில்லை. என் கேள்வி வேறு. 20 நாள் பழகியவனையும் 20 ஆண்டுகள் ஓட்டியவரையும் சட்டம் ஒரே கோலால்தான் அளக்குமா? அளக்கும் என்றால் அது எப்படி நியாயமாகும்?

---

வைகைக்கரை

ஐயா, பெரியவர் நலம்பெற வேண்டும். முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் இருப்பது குற்ற வழக்கு. இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்கு வரப்போவது வேறு வழக்கு. இரண்டிலும் ‘கவனக்குறைவு’ என்ற சொல் வந்தாலும் எடை ஒன்றல்ல. குற்றமாக வேண்டுமானால் கவனக்குறைவு மிக மோசமானதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் விளக்கியது. இழப்பீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. நீங்கள் கேட்கும் அளவுகோல் இந்த இரண்டாவது வழக்குக்கு உரியது.

அந்தக் கோல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைக்கும். இங்கிலாந்தில் மென்லவ் என்பவர் தன் நிலத்தின் எல்லையோரத்தில் உலர்புல் போர் ஒன்றைப் போட்டார். அடுத்த நிலத்துக்காரரான வாகனின் குடிசைகள் பக்கத்திலேயே இருந்தன. போர் சூடாகிறது, தீப்பிடிக்கும் என்று ஐந்து வாரங்களாகப் பலரும் அவரிடம் சொன்னார்கள். ‘வருவது வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்’ என்பதுபோல் பதில் சொன்னார். அவருடைய சரக்குக்குக் காப்பீடு இருந்தது. கடைசியில் போரின் நடுவே புகைபோக்கிபோல ஒரு துளை மட்டும் வைத்தார். போர் தானாகவே பற்றி எரிந்தது. நெருப்பு அவருடைய களஞ்சியத்துக்குத் தாவி, அங்கிருந்து வாகனின் இரண்டு குடிசைகளையும் சாம்பலாக்கியது.

1837இல் வழக்கு மேல்விசாரணைக்கு வந்தபோது அவர் தரப்பு சொன்னது ஏறத்தாழ உங்கள் மருமகன் சொல்வதுதான்: என் அறிவுக்கு எட்டியவரை நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டேன், உயர்ந்த அறிவு எனக்கு வாய்க்காதது என் குற்றமா? தலைமை நீதிபதி டிண்டல் இதை ஏற்கவில்லை. ஒவ்வொருவரின் சொந்த அறிவையும் கோலாக வைத்தால், அது ஒவ்வொருவரின் பாதத்தின் நீளத்தைப் போல ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டே போகும் என்றார். சாதாரண விவேகமுள்ள ஒருவர் காட்டும் எச்சரிக்கைதான் அளவு என்று தீர்ப்பானது.

தமிழில் படிக்கும்போது அந்த உவமை இன்னும் பொருந்துகிறது. நாம் நிலத்தை அடிக்கணக்கில்தான் அளக்கிறோம். அவரவர் காலடியை வைத்து அளந்தால் வரப்புச் சண்டை தீருமா? சோழர் காலக் கோயில் சுவர்களில் நிலமளக்கும் கோலின் நீளத்தைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம். ‘நியாயமான மனிதர்’ என்பவரும் அப்படிப் பொதுவில் வெட்டி வைத்த ஒரு கோல்தான்.

இனி உங்கள் வழக்குக்கு மிக நெருக்கமானது. 1971, இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், நெட்டில்ஷிப் எதிர் வெஸ்டன். கார் கற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்கு அன்று மூன்றாவது பாடம். இடப்பக்கம் திருப்பியவர் ஸ்டீயரிங்கை நேராக்கவில்லை. கார் நடைபாதையில் ஏறி விளக்குக் கம்பத்தில் மோதியது. கற்றுக்கொடுத்த குடும்ப நண்பருக்கு முழங்கால் சில்லு உடைந்தது. கற்றுக்கொள்பவர் தன்னால் முடிந்ததைச் செய்திருக்கலாம், ஆனால் தேர்ச்சியில்லாத அந்த முயற்சி போதாது என்றார் நீதிபதி டென்னிங். தேர்ந்த ஓட்டுநரின் கோல்தான் அவருக்கும்.

ஆகவே ஆம் ஐயா, ஒரே கோல்தான்.

---

மருதநிலம்

வழக்கறிஞர் வைகைக்கரை ஐயா சொன்ன புல்போர்க் கதையை ஒரு விவசாயியாக நான் வேறு விதமாகப் பார்க்கிறேன்.

ஈரம் காயாமல் போர் போட்டால் அது உள்ளுக்குள் வேகும். எங்கள் பக்கத்தில் வைக்கோலே அப்படித்தான். மழைக்குப் பயந்து அவசரமாகப் போட்ட போரில் கையை விட்டால் சுடும், நடுவில் கறுத்து மட்கிப் போயிருக்கும். பச்சை மணம் மாறாத புல்லில் இது இன்னும் மோசம். ஈரத்தில் நுண்ணுயிர்கள் பெருகிச் சூட்டைக் கிளப்பும், நெருக்கமாக அடுக்கிய போரிலிருந்து அந்தச் சூடு வெளியேற வழியிருக்காது, ஏறிக்கொண்டே போகும். அந்த நிலையில் துளை போட்டால் சூடு போவதற்குப் பதில் காற்று உள்ளே புகுந்து தீயை எழுப்பிவிடலாம். செய்ய வேண்டியது போரைப் பிரித்துப் பரப்புவது. வேலை அதிகம், சரக்கில் கொஞ்சம் வீணாகும், அவ்வளவுதான்.

ஆகவே என்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள முடியவில்லை. ‘எனக்கு அறிவு அவ்வளவுதான்’ என்று அந்த மனிதர் சொன்னதையே எல்லாரும் பிடித்துக்கொண்டு பேசுகிறோம். ஐந்து வாரம் ஊரே வந்து சொன்னதே! அதைக் கேட்க அறிவு எதற்கு, காது போதும். துளை வைத்தார் என்பதிலிருந்தே ஆபத்து அவருக்குத் தெரியும் என்று விளங்குகிறது. தன் சரக்குக்குக் காப்பீடு இருந்தது, அடுத்தவன் குடிசை அவர் கணக்கில் வரவில்லை. அவரை மந்தபுத்திக்காரர் என்று சொல்லிப் பேசுவது உண்மையிலேயே மெதுவாகப் புரிந்துகொள்ளும் மனிதர்களுக்குச் செய்யும் அநியாயம். எங்கள் வயலில் வேலை செய்யும் ஒருவருக்கு எழுத்து வராது, கணக்கு வராது. ‘போர் சுடுகிறது’ என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே பிரித்துவிடுவார்.

---

வைகைக்கரை

மருதநிலம் ஐயா, இத்தனை ஆண்டுகளில் அந்த வழக்கை இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. சரிதான், உண்மைகளை மட்டும் பார்த்தால் அது அசட்டையின் கதை. அறிவுக்குறைவு என்பது அவருடைய வக்கீல் கட்டிய வாதம். ஆனால் நீதிமன்றம் அந்த வாதத்துக்கே பதில் சொல்லிவிட்டதால், உண்மையிலேயே இயலாதவருக்கும் அதே கோல் என்ற விதி பிறந்துவிட்டது. நீங்கள் தொட்டது அந்த விதியின் நோகும் இடம்.

---

கைத்தடி

நான் பார்வையற்றவன். திரை வாசிப்பான் வழியாக இந்த இழையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கோயில் சுவர்க் கோல் என்ற உவமை அழகாக இருக்கிறது. ஆனால் அந்தக் கோல் யாருடைய உடலைப் பார்த்து வெட்டியது?

ஆங்கில நீதிபதிகள் அந்த ‘நியாயமான மனிதரை’ ‘கிளாபம் பஸ்ஸில் போகிறவர்’ என்பார்கள். கிளாபம் என்பது தென் லண்டனில் ஒரு பகுதி. 1903ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் நீதிபதி போவனின் சொல்லாக அது வருகிறது. அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும் உருவம் ஒன்றே: ஆண், நடுத்தர வயது, கண் தெரியும், காது கேட்கும், படியில் தானே ஏறுவார். அந்தப் பஸ்ஸில் நானும் போகிறேன்.

ஹேலி என்பவரின் வழக்கை இங்கே சொல்லியாக வேண்டும். லண்டனில் மின்வாரியத் தொழிலாளர்கள் நடைபாதையில் பள்ளம் தோண்டினார்கள். பள்ளத்துக்கு முன்னால் ஒரு நீளமான சுத்தியலைச் சாய்வாகப் போட்டுவிட்டுப் போனார்கள். பார்வையுள்ளவருக்கு அது போதும், பார்த்து விலகிப் போய்விடுவார். ஹேலிக்குப் பார்வை இல்லை. வெள்ளைக் கோலை வீசியபடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கோல் சுத்தியலைத் தொடவில்லை, கால் இடறியது. விழுந்ததில் காதும் கேட்காமல் போனது. கண் இல்லாதவருக்குக் காது என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

கீழ் நீதிமன்றங்களில் அவர் தோற்றார். சாதாரணமாக நடந்து போகிறவருக்கு அந்த எச்சரிக்கை போதும் என்றார்கள். அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1964இல் அதை மாற்றியது. நாட்டில் ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்குப் பார்வை இல்லை, அவர்கள் தெருவில் தனியே நடப்பது எல்லாரும் அறிந்தது, ஆகவே பள்ளம் தோண்டுகிறவர் அவர்களையும் எதிர்பார்த்திருக்க வேண்டும் என்று சொன்னது.

நம் ஊர் நடைபாதைகளில் திறந்து கிடக்கும் கால்வாய்களைத் தாண்டி 23 ஆண்டுகளாக நடக்கிறேன். இருமுறை விழுந்திருக்கிறேன். இரண்டு தடவையும் கேட்ட முதல் சொல், “பார்த்து வரக்கூடாதா?”

---

எல் பலகை

கைத்தடி ஐயா, உங்கள் பதிவை என் மருமகனுக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஆனால் என் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பள்ளம் தோண்டுகிறவர் எதிரில் வருபவரின் இயலாமையைக் கணக்கில் எடுக்க வேண்டும். இயலாமல் ஓட்டுபவரின் இயலாமையை மட்டும் எடுக்கக் கூடாதா? காரில் ‘எல்’ ஒட்டியிருந்தோமே. இவன் கற்றுக்கொள்கிறவன் என்று ஊருக்கே அறிவித்துவிட்டுத்தானே ஓட்டினோம்?

---

செந்தூரான்

இடையில் ஒரு சந்தேகம். சிறுவர்களுக்கும் இதே கோல்தானா?

---

வைகைக்கரை

செந்தூரான், இல்லை. 1998இல் முல்லின் எதிர் ரிச்சர்ட்ஸ் வழக்கில் 15 வயது மாணவிகள் இருவர் பிளாஸ்டிக் அளவுகோல்களை வாள்போல் வீசி விளையாடினார்கள். ஒன்று உடைந்து ஒருத்தியின் கண்ணில் பாய்ந்தது. 15 வயதுக்குரிய சாதாரணச் சிறுமி இதை எதிர்பார்த்திருப்பாளா என்றுதான் கேட்டார்கள். பொறுப்பில்லை என்று முடிந்தது.

எல் பலகை ஐயா, நீங்கள் இரண்டு விஷயங்களைச் சேர்த்துவிட்டீர்கள். முதல் பதிவில் நான் பிரித்துச் சொல்லாததும் காரணம். ‘யாரை எதிர்பார்க்க வேண்டும்’ என்பது ஒரு கேள்வி. ‘எவ்வளவு திறமை காட்ட வேண்டும்’ என்பது இன்னொன்று. முதல் கேள்வியில் தெரு எப்படி இருக்கிறதோ அப்படியே கணக்கில் வரும்: பார்வையற்றவர், முதியவர், குழந்தை எல்லாரும். ஸ்டெப்னி வழக்கில் (1951) ஒற்றைக் கண்தான் தெரியும் என்று முதலாளிக்குத் தெரிந்திருந்த பட்டறைத் தொழிலாளிக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கொடுக்காமல் விட்டது கவனக்குறைவு என்றார்கள், மற்றவர்களுக்கும் அந்த வேலையில் கண்ணாடி கொடுக்கும் வழக்கம் இல்லாதபோதும். இருக்கும் ஒரு கண்ணும் போனால் என்ன ஆகும் என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வியில் நாம் இறங்கிய வேலைதான் கோலைத் தீர்மானிக்கிறது. ஒரு டன் எடையுள்ள இரும்பைப் பொதுச் சாலையில் உருட்டும் வேலை யார் செய்தாலும் ஒரே ஆபத்து. பால்காரரின் எலும்பு ஓட்டியவரின் அனுபவத்தைப் பார்த்து முறிவதில்லை.

‘எல்’ பலகையைப் பற்றி: ஆஸ்திரேலியாவில் கற்றுக்கொடுப்பவருக்கு மட்டும் கோலைத் தாழ்த்திப் பார்த்தார்கள். ஓட்டுபவரின் குறை பக்கத்தில் இருக்கிறவருக்குத் தெரியும் அல்லவா என்று 1986இல் குக் வழக்கில் முடிவு செய்தார்கள். 2008இல் இம்ப்ரீ வழக்கில் அதே நீதிமன்றம் (அங்கே ‘உயர் நீதிமன்றம்’ என்பதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம்) அந்த முடிவைக் கைவிட்டது. காருக்குள் தெரிந்தே உட்கார்ந்தவருக்கே தாழ்த்தாத கோலை, சைக்கிளில் வந்த பெரியவருக்கு எப்படித் தாழ்த்துவது? அவர் பலகையைப் பார்த்தார் என்றே வைத்துக்கொள்வோம். பார்த்ததால் இடிபடச் சம்மதித்தார் என்று ஆகிவிடுமா?

---

எல் பலகை

சம்மதிக்கவில்லைதான். அது புரிகிறது.

---

பனையோலை

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் கவனக்குறைவைக் கவனயீனம் என்போம். வேர் மட்டும் வேறு. ஒல்லாந்தர் விட்டுச் சென்ற ரோமன்-டச்சுச் சட்டத்தில்தான் எங்கள் தீங்கியல் வழக்குகள் (பிறருக்குச் செய்த தீங்குக்கு இழப்பீடு கேட்பவை) நிற்கின்றன, ஆங்கிலச் சட்டத்தின் செல்வாக்கு பிற்பாடு வந்து கலந்தது. ரோமர்கள் பஸ் பயணியைத் தேடவில்லை. ‘விழிப்புள்ள குடும்பத் தலைவர்’ என்று ஒருவரை வைத்தார்கள். எனக்கு இந்த உருவம் பிடிக்கும். ஆண் என்ற குறை அதிலும் இருக்கிறது. ஆனால் அவர் வெறும் வழிப்போக்கர் அல்ல, தன் கைக்குள் இருக்கும் ஆட்களுக்கும் பொருட்களுக்கும் பொறுப்பானவர்.

இதே ரோமன்-டச்சு மரபுள்ள தென்னாப்பிரிக்காவில் 1966இல் குரூகர் எதிர் குட்சியா என்று ஒரு வழக்கு. மருதநிலம் ஐயாவின் போர் வழக்கோடு சேர்த்துப் பாருங்கள். பொதுவேலைக்கு வந்த ஒப்பந்ததாரரின் ஆட்கள் ஒருவருடைய பண்ணைப் படலையை (வாயிற்கதவை) திறந்து போட்டுவிட்டுப் போவார்கள். குதிரைகள் வீதிக்குப் போய்விடும். ஒரு நாள் குதிரையில் கார் மோதியது. பண்ணைக்காரர் மேல் வழக்கு. நீதிமன்றம் மூன்று கேள்விகளை வைத்தது: விழிப்புள்ள ஒருவர் இந்த ஆபத்தை முன்கூட்டியே கண்டிருப்பாரா? கண்டிருந்தால் தடுக்க ஏதாவது செய்திருப்பாரா? இவர் அதைச் செய்யத் தவறினாரா? பண்ணைக்காரர் ஆபத்தைக் கண்டார், அதிகாரிகளிடம் முறையிட்டும் இருந்தார். அதற்கு மேல் என்ன செய்திருக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு நிரூபிக்கவில்லை. அவர் மேல் பொறுப்பு விழவில்லை.

ஐந்து வாரம் சொன்னதைக் கேளாத மென்லவ் ஒரு பக்கம், தானே போய்ச் சொல்லிக்கொண்டிருந்த குரூகர் மறுபக்கம். இரண்டு பேரிடமும் கேட்டது அடுத்தவரைப் பற்றி எவ்வளவு எண்ணினாய் என்பதைத்தான். ‘உன் மூளை எவ்வளவு’ என்று யாரும் கேட்கவில்லை.

---

வரைபடம்

நான் கட்டடப் பொறியாளர். ‘எண்ணினாயா’ என்பதை வைத்து ஒரு பாலத்தையோ வேலியையோ கட்ட முடியாது. எவ்வளவு உயரம் என்று யாராவது சொல்ல வேண்டும்.

மான்செஸ்டரில் ஒரு கிரிக்கெட் மைதானம். 1947இல் அங்கிருந்து பறந்த பந்து வெளியே தெருவில் நின்ற பெண்ணின் தலையில் பட்டது. ஆடுகளத்திலிருந்து ஏறத்தாழ 100 கஜத் தொலைவு. வேலி, மேட்டையும் சேர்த்தால், 17 அடி. அதைத் தாண்டிப் பந்து போனது சுமார் 30 ஆண்டுகளில் 6 தடவையளவுதான். 1951இல் பிரபுக்கள் சபை கிளப் மேல் பொறுப்பில்லை என்றது. நடக்கக்கூடியது என்று தெரிந்தும், வாய்ப்பு அவ்வளவு குறைவு என்பதால், நியாயமான மனிதர் அதற்காக ஆட்டத்தை நிறுத்தமாட்டார் என்று சொன்னார்கள்.

அமெரிக்காவில் நீதிபதி லேர்னெட் ஹேண்ட் 1947இல் இதைச் சமன்பாடாகவே எழுதினார். நியூயார்க் துறைமுகத்தில் காவலாள் இல்லாத ஒரு படகு அவிழ்ந்து போய் மூழ்கிய வழக்கு அது. தடுப்பதற்கு ஆகும் சுமை, விபத்தின் வாய்ப்பையும் இழப்பின் அளவையும் பெருக்கி வருவதைவிடக் குறைவாக இருந்தால், தடுக்காதது கவனக்குறைவு. எனக்கு இதுதான் நேர்மையான கோலாகத் தெரிகிறது, கணக்கு வெளியே தெரிகிறது.

---

கைத்தடி

வரைபடம் அவர்களே, அந்தக் கணக்கில் சுமை ஒருவருக்கு, இழப்பு இன்னொருவருக்கு. கால்வாய்க்கு மூடி போடும் செலவு மாநகராட்சியின் ஏட்டில் வரும். என் முழங்கால் எந்த ஏட்டில் வருகிறது? ஹேலி வழக்கில் இழப்பைப் பணமாகப் போட்டுப் பார்த்தா முடிவு செய்தார்கள்? பள்ளத்தைச் சுற்றி இரண்டடி உயரத்தில் ஒரு சிறு வேலி போதும் என்று பார்த்தார்கள்.

---

வரைபடம்

வேலி மலிவு என்பதும் கணக்கில் ஒரு பகுதிதானே ஐயா. ஆனால் நீங்கள் சொல்வதன் எடை எனக்குத் தெரிகிறது. கணக்கைப் போடுகிறவர் எப்போதும் சுமையைத் துல்லியமாகவும் இழப்பைக் குத்துமதிப்பாகவும் போடுகிறார். என் தொழிலிலேயே அதை நான் பார்த்திருக்கிறேன். டெல்லி சாந்தினி சௌக்கின் மணிக்கூண்டு இடிந்து ஆட்கள் இறந்த வழக்கில் (உச்ச நீதிமன்றம், 1966) கட்டடத்துக்கு வயது 80, அந்தச் சாந்துக்கு ஆயுள் 40, 45 ஆண்டுகள்தான் என்று சாட்சியம் வந்தது. வெளியே பார்த்தால் பழுது தெரியவில்லை என்ற மாநகராட்சியின் வாதம் எடுபடவில்லை. ஆயுள் முடிந்த கட்டடத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது எந்தப் பொறியாளருக்கும் தெரியும். தட்டிப் பார்க்க ஆகும் செலவை மட்டும் 40 ஆண்டுகள் யாரோ மிச்சப்படுத்தியிருக்கிறார்கள்.

---

வெள்ளைச் சீருடை

நான் அரசு மருத்துவமனைச் செவிலி. எல் பலகை அண்ணா, உங்கள் கேள்வி எங்கள் தொழிலில் தினமும் எழுகிறது. பயிற்சி மருத்துவர் ஊசி போட்டாலும் 20 ஆண்டு அனுபவமுள்ளவர் போட்டாலும் கட்டிலில் இருப்பவர் ஒருவர்தான்.

1986இல் இங்கிலாந்தில் வந்த வில்ஷர் வழக்கை உங்களுக்காகச் சொல்கிறேன். குறைமாதக் குழந்தை. ஆக்சிஜன் அளவைக் கண்காணிக்கத் தமனியில் வைக்க வேண்டிய குழாயை இளம் மருத்துவர் சிரையில் வைத்துவிட்டார். அளவு தவறாகத் தெரிந்தது. குழந்தைக்கு ஆக்சிஜன் மிகுதியாகப் போனது. பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிற்று. இளம் மருத்துவர் கற்றுக்கொள்கிறவர்தானே, கோலைத் தாழ்த்தலாமா என்ற கேள்வி வந்தது. அந்தப் பொறுப்பில் இருப்பவருக்கு உரிய கோல்தான், இருக்கும் ஆளைப் பார்த்து மாறாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்று இருக்கிறது. அந்த இளம் மருத்துவர் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டு, ‘சரியாக வைத்திருக்கிறேனா, பாருங்கள்’ என்று கேட்டிருந்தார். அதனால் அவர் தன் கடமையைச் செய்துவிட்டார் என்று நீதிபதிகள் கொண்டார்கள். கவனக்குறைவு, சரிபார்க்காமல் விட்ட மேலதிகாரியுடையது. பார்வை போனதற்கு அதுதான் காரணமா என்ற கேள்வியில் வழக்கு பின்னால் மறுவிசாரணைக்குப் போனது, அது வேறு கதை.

தெரியாதவருக்குச் சட்டம் விட்டு வைத்திருக்கும் வழி இது. தனக்குத் தெரியாது என்று தெரிந்து, தெரிந்தவரைக் கேட்பது. உங்கள் மருமகன் அதைச் செய்திருக்கிறான். பக்கத்தில் உங்களை வைத்துக்கொண்டுதான் ஓட்டினான்.

அண்ணா, கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். முதல் பதிவிலிருந்து நீங்கள் அவனைப் பற்றியே கேட்கிறீர்கள். அந்த இடம், அந்த நேரம் இரண்டையும் தேர்ந்தெடுத்தவர் யார்?

---

வைகைக்கரை

சகோதரி கேட்டதை நான் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தேன். நெட்டில்ஷிப் வழக்கில் கற்றுக்கொடுத்தவரின் இழப்பீட்டில் பாதியைக் கழித்துவிட்டார்கள். காரின் கட்டுப்பாடு இருவரிடமும் இருந்தது, அவரும் தவறினார் என்பதே காரணம். நம் மோட்டார் வாகன விதிகளும் பழகுநரின் பக்கத்தில் உரிமமுள்ளவர் உட்கார வேண்டும் என்பதோடு நிற்கவில்லை, வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில் அவர் உட்கார வேண்டும் என்கின்றன.

---

எல் பலகை

மூன்று நாட்களாக எழுதவில்லை. மன்னிக்க வேண்டும்.

நேரத்தையும் இடத்தையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஐந்தரை மணிக்குச் சாலை காலியாக இருக்கும், ஏழு மணிக்குள் முடித்துவிட்டு அலுவலகம் போகலாம் என்று நினைத்தேன். காலியாக இருக்கும் என்று நினைத்தபோது லாரியையும் பஸ்ஸையும்தான் மனத்தில் வைத்திருந்தேன். மார்கழிப் பனியில் அந்த நேரத்தில் சாலையோரம் யார் இருப்பார்கள்? பால்காரர், பூக்காரப் பெண்கள், கோயிலுக்குப் போகிறவர்கள். சைக்கிளில் விளக்கு இருக்காது. இந்தச் சாலையில் 16 ஆண்டுகளாக ஓட்டுகிறேன், எனக்குத் தெரியாததல்ல. பனையோலை எழுதிய முதல் கேள்விக்கு என் பதில் ‘ஆம்’. கை பிரேக்கின் மேல் கை வைத்திருக்க வேண்டியவன், முந்தைய திருப்பத்தில் அவன் கியர் மாற்றிய விதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

நேற்று மருத்துவமனைக்குப் போனேன். பெரியவர் பேசினார். 40 வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறார், இப்போது பேரன் பள்ளிக்குப் போகாமல் ஊற்றுகிறானாம். அவருடைய மகனிடம் நேரம், இடம், பிரேக் எல்லாவற்றையும் சொன்னேன். தீர்ப்பாயத்திலும் இப்படியே சொல்வேன் என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை, தேநீர் மட்டும் வாங்கிக் கொடுத்தார். பையன் கட்டிலருகே நின்றான். பெரியவர் அவன் பெயரைக் கேட்டார்.

வழக்கறிஞர் ஐயா, ஒரு கேள்வி. பழகுநர் உரிமம் என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடுமா? அவர்களுக்குப் பணம் தாமதமாகக் கூடாது.

---

வைகைக்கரை

விரிக்க முடியாது. பழகுநர் உரிமமும் உரிமம்தான் என்று 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிறுவனத்துக்கு நீங்கள் இன்னும் எழுத்தில் தெரிவிக்கவில்லை என்றால் இன்றைக்கே தெரிவியுங்கள். பையனின் உரிமம், உங்கள் உரிமம், காப்பீட்டுச் சான்று மூன்றின் நகலையும் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பெரியவரின் மகனிடம் மருத்துவச் செலவுச் சீட்டுகளையும், பால் கணக்கு எழுதிய நோட்டையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். வருமானத்துக்கு அவரிடம் வேறு சான்று இருக்காது. அவர்களுக்கு வழக்கறிஞர் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார். நான் உங்களுக்காகப் பேசிக்கொண்டிருப்பதால் அவர்களுக்கு நான் ஆஜராவது சரியாக இருக்காது.

---

மருதநிலம்

பேரன் எந்த ஊரில் பால் ஊற்றுகிறான் என்று தனி மடலில் சொல்லுங்கள் ஐயா. எங்கள் கூட்டுறவுச் சங்கத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகிறவர்கள் இருந்தால், பெரியவர் எழுந்து நடக்கும்வரை ஊற்றச் சொல்கிறேன். பையன் பள்ளிக்குப் போகட்டும்.